கமரா விற்பனைக்கு இல்லை

"பழசை வித்துப்போட்டு மேல ஏறு." கமரா வைத்திருக்கிற பெடியளுக்கு இப்ப இதுதான் தாரக மந்திரம். யூடியூப்பில் சொல்கிறார்கள். லென்ஸ் துடைக்கக் குடுக்க வவுனியாவுக்குப் போனால் அங்கேயும் சொல்கிறார்கள். கலியாணவீட்டில் முன்பின் தெரியாத ஒரு மாமா வந்து எங்கட கழுத்தில் தொங்குவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னும் இதையோ வைச்சிருக்கிறீர்?" என்று அனுதாபப்படுகிறார். கடைசியில் அந்த மந்திரம் எங்கட குழுவுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்களிடம் பொதுவில் இருப்பது ஒரு கெனன் 700டீ. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பாவித்ததாக வாங்கினது. அதைக் கடையில் குடுத்து, மேலே காசு கட்டி, ஒரு மிரர்லெஸ் எடுப்போம் என்று குழுவில் பாதிப்பேர் நிற்கிறார்கள். மற்றப் பாதி நாங்கள். இது எங்கட பக்கத்து வழக்கு. அவையளின்ர வழக்கை அவையள் எழுதட்டும், இடம் குடுப்பம்.

முதலில் இந்த "மேல" என்கிற சொல்லைப் பிடிப்பம். எதற்கு மேல? கெனன் 550டீ வந்தது 2010இல், 18 மெகாபிக்சல். 2011இல் 600டீ, அதுவும் 18. 2013இல் எங்கட 700டீ, 18. 2014இல் 1200டீ, 18. 2016இல் 1300டீ, திரும்பவும் 18. ஆறு வருடமாகப் பெட்டியின் மேல் இலக்கம் மாறிக்கொண்டு போனது, படத்தின் அளவு அசையவில்லை. அந்த ஆறு வருடத்திலும் ஆரோ ஒருத்தர் 550டீயை நட்டத்துக்கு வித்து 600டீ எடுத்தார், பிறகு அதையும் நட்டத்துக்கு வித்து 700டீ எடுத்தார். திருப்பிப் பார்க்கிற ஸ்கிரீன் கிடைத்தது, பிறகு தொட்டு வேலை செய்கிற ஸ்கிரீன் கிடைத்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் போட்ட படங்களைப் பார்த்து எது எந்தக் கமராவில் எடுத்தது என்று பிரித்துச் சொல்லுகிற ஒரு ஆளைக் காட்டுங்கோ, நாங்கள் வாயை மூடுறம்.

18 மெகாபிக்சல் என்றால் நீளத்தில் 5184 புள்ளி, அகலத்தில் 3456. அங்குலத்துக்கு 300 புள்ளி என்கிற நல்ல அச்சுக் கணக்கில் போட்டாலும் 17 அங்குலத்துக்கு மேல் நீளமான படம் வரும். எங்கட ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் 17 அங்குலப் படம் தொங்குது? சாமிப் படத்தையும் செத்தவையின்ர படத்தையும் தவிர? மற்றதெல்லாம் வட்ஸ்அப்பில் போகிறது. வட்ஸ்அப் அதைச் சாதாரணமாக 1600 புள்ளி அளவுக்குச் சுருக்கித்தான் அனுப்பும். 5184இல் எடுத்ததை 1600 ஆக்கி அனுப்பிப்போட்டு, 6000 புள்ளி வேணும் என்று அடம்பிடிக்கிறோம். இதைக் கேட்டால் "சும்மா கணக்குக் காட்டாதீங்கோ, ஒரு ஃபீல் இருக்கு" என்கிறார்கள். ஃபீலுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

இந்த அவசரம் எங்களுடையதும் இல்லை. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கமான சீபாவின் கணக்கில், 2010இல் அந்தக் கம்பனிகள் அனுப்பின டிஜிட்டல் கமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. சட்டைப்பைக்குள் இருக்கிற போன் அந்தச் சந்தையைத் தின்றுவிட்டது. ஆகவே கம்பனிகளுக்கு மிஞ்சின வழி ஒன்றுதான்: குறைஞ்ச ஆக்களிட்டக் கூடின காசு வாங்குறது. 2018இல் கெனன் ஈஓஎஸ் ஆர் என்று லென்ஸ் பூட்டுகிற வாயையே மாற்றிக்கொண்டு வந்தது. பழைய லென்ஸை அடப்டர் போட்டுப் பாவிக்கலாம், நல்லாவே வேலை செய்யும். ஆனால் புது வாய்க்குப் பொருந்துகிற மலிவான லென்ஸ் தேடினால்? 2022இல் வில்ட்ரொக்ஸ் என்ற சீனக் கம்பனி அந்த மவுண்டுக்குச் செய்த ஓட்டோபோகஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. எங்கட உரிமத்தை மீறுறியள் என்று கெனன் சொன்னது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டம்ரோனுக்கும் கதவைக் கொஞ்சம் நீக்கி விட்டது. "ஒரு பொடி மாத்தினாச் சரி" என்று தொடங்கி, பிறகு லென்ஸ், பற்றரி, காட், அதைத் திறக்கக் கூடின ராம் உள்ள கணினி என்று இழுத்துக்கொண்டே போகிற விஷயம் இது.

காசுக் கணக்குக்கு வருவம். எங்கட குழுவில் ஓர் அண்ணா, "வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு இப்ப இதை விக்கலாம், இதைவிடச் சான்ஸ் வராது" என்று சொல்கிறார். உண்மைதான், ரூபாயில் பார்த்தால் கூடத்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்த மே மாதம் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கி 300ஐச் சுற்றி நின்றது. ஒரு பேச்சுக்கு வைப்பம்: பழைய கமரா 250 டொலர் பெறும், புதுசு 1000 டொலர். 200 ரூபாய்க் காலத்தில் பழசை 50,000க்குக் குடுத்து, புதுசு எடுக்க மேலே 150,000 போடவேணும். 300 ரூபாய்க் காலத்தில் பழசு 75,000க்குப் போகும், ஆனால் மேலே போடவேண்டியது 225,000. கையில் 25,000 கூட வந்தது போல இருக்கும், பையிலிருந்து 75,000 கூடப் போகும். கமரா விலை ஏறவில்லை. ரூபாய் மெலிஞ்சு போச்சு. உள்ளதை வித்துப்போட்டு ஏறின விலைக்கு இன்னொன்றை வாங்குகிற ஆளுக்கு அந்த மெலிவு ஒருநாளும் இலாபமாகாது.

இதிலே கடைக்காரர் பாவித்த கமராவை எடுக்கிற விதத்தையும் சொல்லவேணும். நாங்கள் விலை கேட்க ஒரு கடைக்குப் போனோம், பெயர் வேண்டாம். "ஷட்டர் கவுண்ட் கூட", "லென்ஸில பங்கஸ் பிடிக்கத் தொடங்கீட்டுது", "இந்த மொடலுக்கு இப்ப ஆள் இல்லை" என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி, பாவித்த சந்தையில் அது போகிற விலையில் பாதியை நீட்டினார்கள். ஆள் இல்லாத அதே மொடல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மடங்கு விலைச் சீட்டோடு இருந்தது. ஷட்டருக்கும் ஆயுள் உண்டுதான். 5டீ மார்க் 3க்கு 150,000 தடவை என்று கம்பனியே சொன்னது, எங்கடதைப் போன்ற சின்னக் கமராக்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை வந்தவுடன் கமரா செத்துவிடாது. செத்தாலும் ஷட்டர் மாற்றலாம்.

கலியாணவீடு, சாமத்தியவீடு என்று போய் உழைக்கிற அண்ணாமாரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவைக்குக் கமரா உழவுமிசின் மாதிரி. இருட்டு மண்டபத்தில் ஓடுகிற பிள்ளையின் கண்ணைப் பிடித்து வைத்திருக்கிற போகஸ் மிரர்லெஸில் உண்மையாகவே திறம். 4கே வீடியோ கேட்கிற வாடிக்கையாளருக்கு 700டீயைக் காட்டேலாது. தேய்ந்ததை மாற்றட்டும், வருமானம் வருகிற ஆள் மாற்றட்டும். ஆனால் அந்தத் தொழிலுக்குள்ளும் ஒரு நோய் வந்துவிட்டது. படத்தைப் பார்க்காமல் "என்ன கமரா, ட்ரோன் இருக்கோ?" என்று கேட்டு ஓடர் குடுக்கிற வழக்கம். அதுக்குப் பயந்து கடனுக்கு எடுக்கிறார்கள். தவணை மாதா மாதம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வராது. வன்னியில் கடன் என்ன செய்யும் என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வெளிக்கிட்டது. அந்த அளவுக்கு நிலைமை போயிருந்தது. அம்மாமார் பட்டதைப் பார்த்து வளர்ந்த நாங்கள், பொடி ஒன்றுக்காக அதே கதவைத் தட்டுகிறோம்.

இனி எங்களுக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கட குழுவில் பாதிப்பேருக்கு ஆறு வயதுக்கு முன்னம் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. தொட்டிலில் கிடக்கிற படம் இல்லை, ஏடு தொடக்கின படம் இல்லை. கனகராயன்குளத்துச் சனம் 2008 கடைசியில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது. முதலில் அல்பத்தையும் கொண்டு போனார்கள். தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் சுமை குறைந்தது, அல்பமும் ஒரு இடத்தில் குறைந்தது. பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனவையும் உண்டு. திரும்பி வந்து கிண்டினால் ஒட்டிப்போன மட்டைதான் வந்தது. வீட்டுப் படத்தில் ஒரு மூலையில் சீருடையோடு ஒருத்தர் நிற்கிறார் என்பதற்காகத் தங்கட கையாலேயே எரித்தவையும் உண்டு. இதைப் பற்றி அதிகம் கதைக்க மாட்டார்கள். நாங்களும் துருவிக் கேட்பதில்லை.

அப்படியிருந்தும் சில படங்கள் தப்பின. எப்படித் தப்பின என்று பார்த்தால், நல்ல கமராவில் எடுத்ததால் தப்பவில்லை. தொண்ணூறுகளில் பற்றரிக்கே வன்னிக்குள் தடை இருந்தது. கிடைத்ததை வைத்துத்தான் எடுத்தார்கள். சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபோது கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்த சித்தப்பாமார் ஒரு பிரதியைக் கையோடு கொண்டு போனார்கள். கலியாணப் படத்தில் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பின பெரியம்மா இருந்தா. இப்ப அந்த வீடுகளிலிருந்து போனால் படம் பிடிச்சு, ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம் அடிக்க, வட்ஸ்அப்பில் வருகிறது. "இதில நிக்கிறது உன்ர அப்பா" என்று கீழே ஒரு வரி. எங்கட ஆக்களில் ஒருத்திக்கு அப்பாவின் முகம் தெரிய வந்தது அப்படித்தான். அந்த முகத்தை வைத்திருந்தது வேறொரு நாட்டில் வேறொரு அலுமாரிக்குள் கிடந்த இரண்டாவது பிரதி.

2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியிலும் சில நாளில் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் வீதியோரம் குந்தினார்கள். அவர்கள் கையில் இருக்கிற படங்களை ஒரு தடவை உற்றுப் பாருங்கோ. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது. பள்ளிக்கூடக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு தலை, பக்கத்தில் நிற்கிறவரின் தோள் பாதி தெரியும். ஆரோ கலியாணத்தில் பின்னுக்கு நின்ற முகம். புள்ளி புள்ளியாய் உடைந்து, நிறம் போய், வெயிலில் இன்னும் வெளிறி. அதைத்தான் வெளிநாட்டுத் தூதுவர்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் காட்டினார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று மெகாபிக்சல் கதைக்க எங்களுக்கு வாய் வராது.

2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி எடுக்கப் போன ஊடகவியலாளர்கள் குமணனும் தவசீலனும் தாக்கப்பட்டார்கள், எடுத்த படங்களை அழிக்க வைத்தார்கள். கமரா பழசோ புதுசோ என்பது அடிச்ச ஆக்களுக்குப் பிரச்சினையே இல்லை. உள்ளே என்ன படம் கிடக்குது என்பதுதான் அவங்களுக்குப் பிரச்சினை. கமராவில் எது பெறுமதி என்று அவங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் குழப்பம்.

இந்த இடத்தில் விற்கிற ஆக்களுக்கு ஒன்று சொல்லியாக வேணும். நீங்கள் எங்களோடு உடன்படாமல் நாளைக்கே வித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேளுங்கோ. "மெமரி காட்டோட தாறன்" என்று சொல்லி விற்காதேங்கோ. போமட் அடிச்சால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறோம். கமராவில் அடிக்கிற சாதாரண போமட் பெரும்பாலும் பட்டியலைத்தான் அழிக்கும், படங்கள் அதே இடத்தில் கிடக்கும், புதுப் படம் மேலே எழுதப்படும் வரைக்கும். ரெக்குவா, போட்டோரெக் மாதிரிச் சும்மா கிடைக்கிற மென்பொருள் ஒன்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பெடியனே மீட்டெடுப்பான். அந்தக் காட்டில் என்ன இருந்தது? உடுப்பு மாற்றிக்கொண்டு நின்ற தங்கச்சியின் சாமத்தியவீடு இருந்திருக்கும். போராட்டத்துக்கு வந்த அம்மாமாரின் முகங்கள் இருந்திருக்கும். ஆரிட்டப் போகுது என்று தெரியாமல் ஊர்ப் பிள்ளைகளின் முகங்களை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சேர்த்து விற்கிறீர்கள். காட்டை உங்களோடயே வைத்திருங்கோ, இல்லாட்டி உடைச்சு எறியுங்கோ. கெனன் கமராவுக்குள் சொந்தக்காரர் பெயர் எழுதி வைத்திருந்தால் அதையும் அழியுங்கோ. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தப் பெயர் போய் உட்காரும்.

சரி, விற்காமல் என்ன செய்கிறது? எங்கட எதிர்க்கட்சி கேட்கிற நியாயமான கேள்வி இது. அவர்கள் சொல்கிற பெரிய காரணம் இரவு. வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இரவிரவாய் நின்று எடுத்த படங்களில் பாதி மணல் போட்ட மாதிரி வந்தது, உண்மை. ஆனால் அன்றைக்குப் பூட்டியிருந்தது கமராவோடு வந்த 18-55 லென்ஸ். சூம் பண்ணினால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் இருக்கிறது. கெனனின் மலிவான லென்ஸ்களில் ஒன்று. அது 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புதுப் பொடியின் சென்சர் எவ்வளவு திறமென்றாலும் அந்தப் பத்து மடங்கைத் தனியாய்த் தராது. பாவித்தது ஒன்று தேடிப் பிடித்தால், மிரர்லெஸுக்கு மேலே போடவிருந்த காசில் ஒரு சின்னத் துண்டுதான் போகும்.

மிச்சக் காசில் இரண்டு ஹாட் டிஸ்க். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று கனகராயன்குளத்தில், மற்றது யாழ்ப்பாணத்தில் எங்கட அறையில். இப்போதைக்கு எங்கட நாலு வருடப் படங்கள் ஒரேயொரு மடிக்கணினிக்குள் கிடக்கின்றன, அதுக்கு மேலே தேத்தண்ணீர்க் கோப்பை. நாங்கள்தான் 1981இல் எரிந்த நூலகத்தைப் பற்றி மேடையில் கண் கலங்கிப் பேசுகிறவர்கள்! நூலகம் நிறுவனம் 2005இல் தொடங்கி எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாய் எண்ணிமப்படுத்தி வைக்கிறது. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் ஆவணகம் என்று ஒன்று வைத்திருக்கிறது. ஊர்ப் படங்களை ஆள், இடம், திகதி எழுதி ஒழுங்குபடுத்திக் குடுக்கிற வேலைக்கு எங்களில் ஒருத்தரும் இன்னும் கை தூக்கவில்லை. மிரர்லெஸ் வாங்கக் கை தூக்கினது ஏழு பேர்.

பிறகும் காசு மிஞ்சினால் படங்களைக் கழுவிக் குடுப்பம். 4க்கு 6 அளவில், எடுத்த வீட்டுக்கு ஒன்று, வெளியூரில் இருக்கிற அவையின்ர சொந்தத்துக்கு ஒன்று. குளக்கட்டில் குளிக்கிற கிழவர்கள், கனகராயன் ஆறு பெருகி இரணைமடுப் பக்கம் ஓடுகிற நாட்கள், ஆனை முறிச்ச வாழைத் தோட்டத்துக்கு முன்னால் நிற்கிற சனம். இதெல்லாம் எங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. படத்தில் நிற்கிற ஆளிடம் அந்தப் படம் இல்லாமல் நாங்கள் மட்டும் போட்டிக்கு அனுப்பிக்கொண்டிருப்பதில் ஒரு அசிங்கம் இருக்கிறது.

"நீங்கள் வறுமையை அழகு பாக்கிறீங்கள்" என்று ஒரு தோழி சொன்னா. "வன்னிப் பிள்ளைகளெண்டால் பழசோட கிடக்கவேணுமோ? கொழும்புப் பெடியனுக்கு மட்டும் நல்ல சாமானோ?" கோபமான கேள்வி, சரியான கோபம். இலவசமாய் ஒரு நல்ல கமரா வந்தால் நாங்களும் இரண்டு கையாலும் வாங்குவம். எங்கட மறுப்பு நல்ல சாமானுக்கு இல்லை. ஓடுகிற கமராவைப் பாதி விலைக்குக் கடைக்குக் குடுத்து, அதைத் திரும்ப இரண்டு மடங்குக்கு இன்னொரு வன்னிப் பெடியனுக்கு விற்க விட்டு, நாங்கள் கடன்காரராகிற ஏற்பாட்டுக்குத்தான். புதுசு வருகிற நாளிலும் 700டீ கடைக்குப் போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஊடகக் கற்கை படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஷட்டர், அப்பச்சர் எல்லாம் கொப்பியில் பாடமாக்குகிறார்கள், கமராவைத் தொட்டுப் பார்த்த பிள்ளை எத்தனை என்று கேட்டுப் பாருங்கோ. அவர்களிடம் போகட்டும். கீழே விழுத்தட்டும், தூசு படட்டும், பழகட்டும்.

வாக்கெடுப்பு இந்த மாதக் கடைசிக் கூட்டத்தில். அதற்கிடையில், மிரர்லெஸுக்கு மாறினதால் சும்மா கிடக்கிற 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஆரிட்டயாவது இருந்தால் நாங்கள் வாங்கத் தயார். பங்கஸ் பிடிச்சதென்றாலும் கொண்டுவாங்கோ, பாப்பம். விலையை மட்டும் பங்கஸுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லுங்கோ.